வீட்டில் சுட்ட பிரட், பன், கேக்: கடற்கரை ஊரில் எப்படி எடுத்து வைப்பது, எப்படிச் சூடாக்குவது?

சகோதரி, படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கீழக்கரையில் வீடு. வாரக் கடைசியில் பிள்ளைகள் ஹாஸ்டலிலிருந்து வருவதால் பிரட், தேங்காய் பன், கருப்பட்டி கேக் எல்லாம் மொத்தமாகச் சுடுகிறீர்கள். மீந்ததை வெளியே வைத்தால் மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கிறது. அதற்குப் பயந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாளே கட்டையாகிவிடுகிறது. ஃப்ரீசரில் வைத்ததை மைக்ரோவேவில் சூடாக்கினால் ரப்பராக இழுக்கிறது, மீன் வாடை வேறு. கரண்ட் போனால் உள்ளே இருப்பதை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பேக்கரி வேலையில் இருந்தவன், இந்தக் கரையிலேயே வீட்டு பேக்கிங் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் பதிலை முதலிலேயே வைத்துவிடுகிறேன். பிரட்டுக்கும் பன்னுக்கும் நம் ஊரில் இரண்டே இடம்தான். இன்றும் நாளையும் சாப்பிடப்போவது சமையலறை மேடையில் இருக்கட்டும். மற்றதெல்லாம் சுட்ட அன்றே, ஆறின கையோடு ஃப்ரீசருக்குப் போகவேண்டும். ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைக்கவே வேண்டாம். மைதா விலையும் வெண்ணெய் விலையும் இருக்கிற இருப்பில், உங்கள் கை உழைப்பில் உருவான ஒரு பன்கூட குப்பைக்குப் போகக்கூடாது என்பது என் ஆசை. அதனால் காரணங்களோடு விளக்குகிறேன். காரணம் தெரிந்தால் அளவு மாறினாலும் நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள்.

பிரட் கட்டையாவதை நாம் எல்லோரும் 'காய்ந்துபோச்சு' என்கிறோம். பாதி நேரம் அது காய்ந்திருப்பதே இல்லை. ழான் பாப்டிஸ்ட் பூசிங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1852லேயே இதைச் செய்து காட்டினார். ஈரம் துளியும் வெளியேறாதபடி காற்றுப்புகாமல் மூடிவைத்த ரொட்டியும் கட்டையானது. அதே ரொட்டியை 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கியதும் திரும்ப மெத்தென்று ஆனது. விஷயம் மாவுச்சத்தில் இருக்கிறது. ஓவன் சூட்டில் ஈரத்தைக் குடித்து இளகிய மாவுச்சத்து, ஆற ஆற மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகிறது. முந்தின நாள் சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் விறைத்துப்போய், ஆவியில் காட்டினால் மறுபடி குழைகிறதே, அதே வேலைதான் பிரட்டுக்குள்ளும் நடக்கிறது. இந்த இறுக்கம் எந்தக் குளிரில் மிக வேகமாக நடக்கும் என்றால், உறைநிலைக்குச் சற்று மேலே, சரியாக ஃப்ரிட்ஜின் உள்தட்டுக் குளிரில். வெளியே இரண்டு மூன்று நாளில் ஆகிற கட்டை அங்கே ஒரே நாளில் ஆகிவிடும். நன்றாக உறைந்துவிட்டால் ஈரமும் மாவுச்சத்தும் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன, இறுக்கமும் ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஃப்ரீசருக்குப் போகிற பிரட் அந்த நடுக்குளிரை வேகமாகத் தாண்டவேண்டும். வெளியே வரும்போதும் அங்கே தங்கக்கூடாது. 'ஃப்ரீசரிலிருந்து எடுத்து ராத்திரி முழுக்க கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள்' என்று கேக்குக்குச் சொல்லும் யோசனையைப் பிரட்டுக்குச் செய்தால் கட்டைதான் மிஞ்சும்.

ஃப்ரீசர் வசதி இல்லாத வீட்டில், ஐப்பசி கார்த்திகை மழையில், பூசணத்துக்கும் கட்டைக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டி வந்தால் கட்டையையே தேர்ந்தெடுங்கள், அதாவது அப்போது மட்டும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். கட்டையான பிரட்டை டோஸ்ட் செய்து மீட்கலாம். பூசணம் பிடித்ததை மீட்க முடியாது. ஓரத்தில் பச்சைப் புள்ளி தெரிகிறது, அதை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடலாம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். கண்ணுக்குத் தெரிகிற புள்ளிக்கு அப்பால், பிரட்டின் துளைகள் வழியே பூஞ்சை இழைகள் தெரியாமல் ஓடியிருக்கும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்க்காதீர்கள். வித்துகள் மூச்சில் ஏறும்.

அடுத்து நம் கடற்கரைக்கே உரிய சங்கதி. மேற்கே மதுரைப் பக்கம் ஒரு பிரட் மேசைமேல் இருந்தால் மேல்தோல் காயும். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் நம் கரையில் அப்படி இல்லை. காற்றிலேயே ஈரம். மொறுமொறுப்பாக இருக்கவேண்டியது நமுத்துப்போகும், மெத்தென்று இருக்கவேண்டியது பூசணம் பிடிக்கும். இங்கே கெட்டுப்போகிற பிரட்டில் முக்கால்வாசி, ஆறுவதற்குள் மூடியதால் கெட்டதாகத்தான் இருக்கும். ஓவனிலிருந்து வந்த பிரட்டைத் தொட்டுப் பார்த்தால் வெளித்தோல் அரை மணியில் ஆறியிருக்கும். நடுப்பகுதி அப்போதும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அப்படியே கவரில் போட்டால் அந்த ஆவி கவரின் உள்பக்கம் முத்து முத்தாகத் துளிர்த்து மேல்தோலில் சொட்டும். பூசணத்துக்கு அது போதும். பிரட்டை டின்னிலிருந்து உடனே எடுத்து, கீழேயும் காற்றோடும்படி கம்பித் தட்டில் வையுங்கள். கம்பித் தட்டு இல்லையென்றால் மூங்கில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைக்கலாம். மெல்லிய துணி போர்த்தி இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் விடுங்கள். அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கைக்குச் சூடோ ஈரமோ தட்டவில்லை என்றால் ஆறிவிட்டது. எறும்புக்கு, தட்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும். ராத்திரி முழுக்கத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். ஆறின பிறகு அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்க ஆரம்பித்துவிடும்.

பூசணத்தைவிட அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு கேடு இருக்கிறது. சித்திரை வைகாசி வெக்கையில், சுட்ட இரண்டாம் நாள் பிரட்டிலிருந்து நன்றாகப் பழுத்துப்போன அன்னாசி, முலாம்பழம் மாதிரி ஒரு இனிப்பு வாடை வரும். பிட்டுப் பார்த்தால் நடுப்பகுதி பிசுபிசுத்து, மெல்லிய நூல் நூலாக இழுபடும். வேகவில்லை என்று நினைத்து மறுபடி சுடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. மாவோடு வரும் அதன் வித்துகள் பேக்கிங் சூட்டிலும் சாகாது. வெக்கையும் ஈரமும் கிடைத்ததும் முளைத்துக்கொள்ளும். அந்தப் பிரட்டை முழுதாக எறிந்துவிட்டு டின், பலகை, கத்தி எல்லாவற்றையும் கழுவி வினிகரால் துடைத்துக் காயவையுங்கள். கோடையில் சுடும்போது அரை கிலோ மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகரை மாவிலேயே சேர்த்துப் பிசையுங்கள். அந்தப் புளிப்பில் அது வளர முடியாது, சாப்பிடும்போது வினிகர் ருசியும் தெரியாது. கடை பிரட் அதிக நாள் தாங்குவதற்குக் காரணமும் இதைப் போன்றதுதான். கவரில் 282 என்ற எண் போட்டிருக்கும். அது கால்சியம் புரோப்பியனேட், பூஞ்சையையும் இந்த பாக்டீரியாவையும் தடுப்பது. வீட்டுப் பிரட்டில் அது இல்லாததால் கடைப் பிரட்டின் கணக்கை அதற்குப் போடக்கூடாது.

சரி, ஃப்ரீசர். முதலில் உங்கள் ஃப்ரீசர் உண்மையில் ஃப்ரீசர்தானா என்று பாருங்கள். மைனஸ் 18 டிகிரி இருக்கவேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்பெட்டி, அதிலும் ஒரு நாளைக்கு இருபது தரம் திறக்கிற வீட்டில், அந்தக் குளிருக்குப் போவதே இல்லை. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு கப் ஐஸ்கிரீமை ஒருநாள் முழுக்க உள்ளே வைத்து ஸ்பூனால் குத்திப் பாருங்கள். கல்லாக இருந்தால் நல்லது. ஸ்பூன் சுலபமாக இறங்கினால் அந்தக் குளிர் போதாது. அதில் பிரட்டை ஒரு வாரத்துக்கு மேல் நம்பி வைக்காதீர்கள். உறைந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே மெல்லக் கட்டையாகிக்கொண்டிருக்கும்.

பிரட்டை முழுசாக உள்ளே தள்ளாமல் ஸ்லைஸ் போட்டே வையுங்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவையும் ஒரு பொட்டலமாக, இரண்டு ஸ்லைஸுக்கு நடுவே ஒரு துண்டு பட்டர் பேப்பர் வைத்து, கிளிங் ராப்பில் இறுக்கிச் சுற்றி ஜிப் கவரில் போடுங்கள். கவரிலிருக்கும் காற்றை உள்ளங்கையால் அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பொட்டலம் தட்டையாக இருந்தால் வேகமாக உறையும். முதல் நாள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், ஃப்ரீசரின் அடித்தளத்தைத் தொட்டபடி பரப்பிவையுங்கள். உறைந்த பிறகு அடுக்கிக்கொள்ளலாம். தேதியை மேலே எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் சாப்பிட்டால் சுட்ட அன்றைய ருசிக்குப் பக்கத்தில் இருக்கும். மூன்று மாதம் வரை கெடாது, ஆனால் வாசனை போய்விடும். கவருக்குள் பனித்தூள் சேர்ந்திருந்தால் அது உங்கள் பிரட்டிலிருந்து வெளியேறிய ஈரம். அந்த அளவுக்குப் பிரட் வறண்டுவிட்டது என்று அர்த்தம்.

தேங்காய் பன்னும் நன்றாகவே உறையும். வெளியே வைத்தால் அதுதான் முதலில் கெடும். பச்சைத் தேங்காய்ப் பூ நம் வெக்கையில் ஒரே நாளில் புளித்துவிடும். பூரணத்தைச் சர்க்கரையோடு ஈரம் சுண்டும்வரை வதக்கி, ஆறவைத்து உள்ளே வையுங்கள். அப்படிச் செய்தாலும் மறுநாளைக்கு மேல் மேடையில் வேண்டாம்.

மீன் வாடைக்கு வருகிறேன். நம் கரை வீட்டு ஃப்ரீசரில் சீலாவும் இறாலும் நண்டும் இல்லாமல் இருக்காது, இருக்கவும் வேண்டாம். வெண்ணெய், நெய் சேர்ந்த எதுவும் பக்கத்தில் இருக்கிற வாடையை இழுத்துக்கொள்ளும். கடையில் காய்கறி போட்டுத் தருகிற மெல்லிய பாலித்தீன் கவர் வழியே வாடை தாராளமாகப் போகும். அலுமினிய ஃபாயில் வழியே போகாது. கேக்குக்கும் பன்னுக்கும் கிளிங் ராப் மேல் ஒரு சுற்று ஃபாயில், அதற்கு மேல் மூடி இறுகுகிற டப்பா. மீனுக்கும் தனி டப்பா. மீனும் இறைச்சியும் எப்போதும் கீழே, சுட்ட பண்டங்கள் மேலே இருக்கட்டும். கரண்ட் போய் இளகினாலும் மீன் தண்ணீர் பன்மேல் சொட்டக்கூடாது, அதற்காகத்தான்.

வெளியே எடுக்கும்போது பலரும் முதலில் கவரைப் பிரித்துவிடுகிறார்கள். நம் ஊர்க் காற்றில் அது கூடாது. குளிர்ந்த பொருளைப் பிரித்து வைத்தால் காற்றிலிருக்கும் ஈரமெல்லாம் அதன்மேல் படிந்து மேல்தோல் சொதசொதவென்று ஆகிவிடும். சுற்றியது சுற்றியபடியே மேடையில் வையுங்கள். நீர்த்துளி ஃபாயிலின் வெளிப்பக்கத்தில் படியட்டும். பன்னுக்கு ஒரு மணி நேரம், முழு பிரட்டுக்கு மூன்று நான்கு மணி நேரம், கேக்குக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு. வெளிப்பக்க ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

சூடாக்குவதில் பிரட் ஸ்லைஸுக்குத் தோசைக்கல்லை மிஞ்சியது எதுவும் இல்லை. இளகவிடவே வேண்டாம். ஃப்ரீசரிலிருந்து நேராகக் கல்லில் போடுங்கள். சின்னத் தீ, எண்ணெய் வேண்டாம். முதல் ஒரு நிமிடம் மேலே மூடி போட்டுவையுங்கள். உறைந்த ஈரம் உள்ளேயே ஆவியாகி மாவுச்சத்தை இளக்கிவிடும். பிறகு மூடியை எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டால் வெளிப்பக்கம் மொறுமொறுக்கும். மூடாமல் பெரிய தீயில் போட்டால் வெளியே கருகி நடுவில் ஜில்லென்று இருக்கும்.

பன்னுக்கு இட்லிப் பானை. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு, தட்டில் துணி விரித்து பன்னை வைத்து, மூடியையும் துணியால் கட்டி மூடுங்கள். மூடியில் சேரும் தண்ணீர் பன்மேல் சொட்டாமல் இருக்க அந்தத் துணி அவசியம். இளகிய பன் என்றால் இரண்டு மூன்று நிமிடம், உறைந்தது என்றால் ஐந்தாறு நிமிடம். எடுத்ததும் ஒரு நிமிடம் வெளியே விட்டால் மேல் ஈரம் பறந்துவிடும். மேலே பளபளப்பு வேண்டுமென்றால் சூட்டோடு கொஞ்சம் நெய் தடவுங்கள். ஓவன் இருந்தால் பன்னை ஃபாயிலில் சுற்றி 160 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைக்கலாம். முழு பிரட் என்றால் இளகிய பிறகு மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து, அதே சூட்டில் பத்து நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் கனமான இரும்புச் சட்டியில் கல்லுப்பு பரப்பி, நடுவில் ஸ்டாண்ட் வைத்து, மூடி பத்து நிமிடம் சூடேற்றிவிட்டு ஃபாயில் சுற்றிய பன்னை உள்ளே வைக்கலாம். கேக் சுடுகிற அதே ஏற்பாடுதான்.

மைக்ரோவேவில் ரப்பராவதற்குக் காரணம், அது பிரட்டிலிருக்கும் தண்ணீரை நேரடியாகக் கொதிக்கவைக்கிறது. ஈரம் சட்டென்று வெளியேறிவிட, ஆறும்போது மாவுச்சத்து முன்னைவிடக் கெட்டியாக இறுகுகிறது. வேறு வழியில்லை என்றால் ஈரத்துணியில் சுற்றி, பாதி பவரில், பன்னுக்குப் பத்துப் பதினைந்து வினாடி. எடுத்த உடனே பிள்ளைகள் கையில் இருக்கவேண்டும், ஐந்து நிமிடம் கழித்து வருகிற பிள்ளைக்கு அது ஆகாது. எந்த முறையானாலும் ஒரு தரம் சூடாக்கிய பிரட் முன்னைவிட வேகமாகக் கட்டையாகும். சாப்பிடப்போகிற அளவை மட்டும் சூடாக்குங்கள்.

கேக் வேறு கணக்கு. சர்க்கரையும் கொழுப்பும் அதிகம் என்பதால் அவ்வளவு சீக்கிரம் கட்டையாகாது. ஃப்ரிட்ஜில் வைத்த வெண்ணெய் கேக் கல்லாகத் தெரிவது பெரும்பாலும் வெண்ணெய் உறைந்ததால்தான், வெளியே அரை மணி வைத்தால் சரியாகிவிடும். உங்கள் கருப்பட்டி கேக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மெத்தென்று நிற்கும், ஆனால் மேல்பக்கம் பிசுபிசுத்துப் பூசணத்துக்கு இடம்கொடுக்கும். இரண்டு நாளைக்கு மேடையில், மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வாழைப்பழ கேக்குக்கும் இதே. கிரீம் தடவாத கேக் இரண்டு மூன்று மாதம் ஃப்ரீசரில் தாங்கும். விப்பிங் கிரீம் தடவிய கேக்கை 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற நாளில், அதாவது நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதியில், ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற பிளம் கேக்குக்கு ஃப்ரீசரே வேண்டாம். பட்டர் பேப்பர், அதன்மேல் ஃபாயில் சுற்றிக் காற்றுப்புகாத டின்னில் வைத்தால் வாரக்கணக்கில் நிற்கும். உங்கள் ஊர் இனிப்பான தொதல் தாங்குவதற்கும் அதே சர்க்கரைதான் காரணம். முட்டையும் பாலும் சேர்ந்த கஸ்டர்டு நிரப்பியதை மட்டும் உறையவைக்காதீர்கள், இளகும்போது தண்ணீர் வேறு திப்பி வேறாகப் பிரிந்துவிடும்.

பப்ஸ், சமோசா இரண்டையும் சுடாமல் பொரிக்காமலே உறையவைப்பது நல்லது. நோன்பு மாதத்துக்கு முன்னால் சமோசா செய்து வைக்கிற வீடுகளில் இது ஏற்கெனவே தெரிந்த வேலை. உள்ளே வைக்கும் கறி முழுதாக ஆறியிருக்கவேண்டும். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து உறையவிட்டு, பிறகு கவரில் சேர்க்கவேண்டும். எடுத்ததும் இளகவிடாமல் மிதமான தீயில் பொரிக்கலாம். முட்டை பப்ஸ் மட்டும் வேண்டாம், அவித்த வெள்ளைக்கரு உறைந்தால் தோல் மாதிரி ஆகிவிடும். சுட்ட பப்ஸைச் சூடாக்க ஓவனில் 180 டிகிரி, எட்டுப் பத்து நிமிடம், ஃபாயில் சுற்றாமல். ஆவியும் மைக்ரோவேவும் அதன் இதழ்களை நமுக்கவைத்துவிடும். கறி வைத்தது என்றால் நடுப்பகுதி ஆவி பறக்கச் சூடாகவேண்டும்.

ரஸ்க், பிஸ்கட்டுக்கு ஃப்ரிட்ஜ் பக்கமே வேலை இல்லை. நமுத்தால் 120 டிகிரியில் பத்து நிமிடம் காட்டி, நன்றாக ஆறவைத்து, மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். கேக் இருக்கிற டப்பாவில் பிஸ்கட்டைப் போடாதீர்கள், கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய் இரண்டும் கெடும்.

பிள்ளைகள் திங்கட்கிழமை காலை ஹாஸ்டலில் சாப்பிட வேண்டுமென்றால் உறைந்த வெறும் பன்னையே கொடுத்தனுப்பலாம். சென்னைக்கு இரவு ரயிலில் போகிறவர்களுக்கு, சுற்றிய பொட்டலத்தின்மேல் நாலைந்து மடிப்புச் செய்தித்தாள் சுற்றிக் கொடுத்தால் காலையில் இளகிப் பதமாக இருக்கும். கறி, கிரீம் வைத்தவற்றை இப்படி அனுப்பக்கூடாது.

கடைசியாகக் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையிலிருந்து மாலை வரை நிறுத்துகிறார்களே, அதற்குப் பயப்படவேண்டியதில்லை. நன்றாகக் குளிரும் தனி ஃப்ரீசர் நிறைந்திருந்து, கதவைத் திறக்காமல் இருந்தால் இரண்டு நாள் வரை குளிர் நிற்கும், பாதிதான் இருந்தால் ஒரு நாள். ஃப்ரிட்ஜின் மேல்பெட்டிக்கு இதைவிடக் குறைவு என்றாலும் ஒரு பகல் பொழுது தாங்கும். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து நிரப்பிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே அதைச் செய்துவிடவேண்டும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் எல்லாம் பத்திரம். அடியில் கிடந்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது. அப்போது கறி பப்ஸ், கறி சமோசா, கிரீம் கேக், மீன் எதையும் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். வெறும் பிரட், பன்னைப் பிரித்துப் பாருங்கள். மீன் தண்ணீர் படாமல், பூசணமோ வேறு வாடையோ இல்லாமல் இருந்தால் மறுபடி உறையவைக்காமல் அன்றைக்கே கல்லில் போட்டுச் சாப்பிட்டுவிடலாம்.